கடல் ஏறினா எந்தப் பழைய எடம் முதல்ல மாட்டும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாளைக்கு மழை வருமான்னே ஒழுங்கா சொல்ல மாட்டேங்கறாங்க, இதுல 2100-ல இத்தாலியில எந்தச் சர்ச்சுக்குள்ள கடல் தண்ணி பூரும்னு கம்ப்யூட்டர் மாடல் போட்டு சொல்றாங்களாமே, நம்பலாமா சார்? – காரைக்கால் வாசகர்

பதில்: மழை கணிப்புன்னா இந்த ஊரு, இந்த நாள்னு சொல்லியாகணும். இந்த மாடல் தேதியெல்லாம் குறிக்கறதில்லீங்க. கடல் மட்டம் இவ்ளோ ஏறி, அதுமேல ஒரு பெரிய வெள்ளமும் (எந்த வருஷமா இருந்தாலும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு உள்ள வெள்ளம்) சேர்ந்து வந்தா அந்த எடத்துல எவ்ளோ பாகம் முங்கும், தண்ணி எவ்ளோ ஆழம் நிக்கும், இதான் கணக்கு. கரை அரிப்புக்கு வேற கணக்கு: கடல்ல இருந்து எவ்ளோ தூரம், கரை மணலா பாறையா, அலை எவ்ளோ உயரம், புதுசா மணல் வந்து சேருதா இல்லையான்னு பாக்கறாங்க. 2018-ல ஜெர்மனி கீல் யுனிவர்சிட்டியில லேனா ரைமன் டீம் மத்தியதரைக் கடலோரத்துல தாழ்வா இருக்கற 49 யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடத்துக்கு இப்படிப் போட்டுப் பாத்தாங்க. 37 எடத்துக்கு வெள்ள ஆபத்து, 42-க்கு அரிப்பு ஆபத்து, அதுவும் 2100-ல இல்ல, இப்பவே! ரெண்டு ஆபத்துலயும் மாட்டாம தப்பிக்கறது துனிஸ் பழைய நகரமும் துருக்கியில இருக்கற சாந்தோஸ்-லெட்டூனும் மட்டும்தான். என்னைக் கேட்டா இதை ஜோசியமா பாக்காதீங்க, இருக்கற காசை எங்க முதல்ல செலவு பண்றதுங்கற வரிசைன்னு பாருங்க, அந்த அளவுக்குத் தாராளமா நம்பலாம்.

கேள்வி: வெனிஸ்ல கோடி கோடியா கொட்டி தடுப்பு கட்டிட்டாங்களே, அப்புறம் என்ன கவலை? – திருச்சி வாசகி

பதில்: 2019 நவம்பர் 12 ராத்திரி கடல் மட்டம் அளவுகோல்ல 187 செ.மீ. வரைக்கும் (இது தெருவுல நிக்கற ஆழம் இல்ல) ஏறி சான் மார்கோ சர்ச்சுக்குள்ளயே பூந்துடுச்சு. அடுத்த வருஷம் அக்டோபர்ல மோசேன்னு 78 கதவு வச்ச தடுப்பை முதல் தடவையா தூக்கினாங்க, ஊரே நனையாம தப்பிச்சுது, சந்தோஷம். ஆனா அதே டிசம்பர் 8 என்னாச்சு தெரியுமா, 130 செ.மீ. தாண்டும்னு கணிப்பு வந்தாதான் கதவைத் தூக்கணும்னு அப்போ ரூல், கணிப்பு அதுக்குக் கீழ வந்துச்சு, தூக்கல, தண்ணி 138 வரைக்கும் வந்து சர்ச் திரும்ப நனைஞ்சுது. இத்தனைக்கும் சான் மார்கோ சதுக்கம் ஊர்லயே தாழ்வான எடம், அங்க 130 வரைக்கும் காத்திருந்தா முழங்கால் தண்ணி. தண்ணி வடிஞ்சாலும் விட்டுதா, உப்பு செங்கல்லுக்குள்ள ஏறி, காயறப்போ பளிங்கையும் மொசைக்கையும் உரிச்சுக்கிட்டு வருது. கடைசியில 2022-ல சர்ச்சைச் சுத்தி தனியா கண்ணாடித் தடுப்பு வச்சாங்க. அதாவது 2100 கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னைக்கு சாயங்காலக் கணிப்புல பத்து செ.மீ. பிசகினாலே போச்சு!

கேள்வி: அபு சிம்பெல் கோயிலைத் தூக்கி வச்ச மாதிரி எல்லாத்தையும் மேட்டுக்கு மாத்திடலாமே? – சேலம் வாசகர்

பதில்: எகிப்துல இருக்கற அபு சிம்பெலை, அணைத் தண்ணியில முங்காம இருக்க, 1960-கள்ல துண்டு துண்டா அறுத்து சுமார் 65 மீட்டர் மேல கொண்டுபோய் வச்சாங்க, உண்மைதான். தனிக் கட்டடம்னா முடியும், இத்தாலியில இருக்கற ரவென்னா தேவாலயங்களைப் பத்தி ரைமன் டீமே அப்படி ஒரு யோசனை சொல்லியிருக்காங்க. லெபனான்ல டயர்ங்கற (Tyre) பழைய கடலோர நகரத்தை என்ன பண்ணுவீங்க? அரிப்பு ஆபத்து ரொம்ப அதிகமா வந்த எடம் அது, அங்க சரக்கே மண்ணுக்குள்ள அடுக்கடுக்கா கிடக்குது, எந்தப் பானை எந்த அடுக்குல இருந்துச்சுங்கறதுதான் வரலாறு, அதைப் பெயர்த்து எடுத்தா மிஞ்சறது வெறும் பானை. இதுவாவது யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு. அமெரிக்காவுல தென்கிழக்குக் கரையில கடல் 1 மீட்டர் ஏறினா 13,000-க்கும் மேல தொல்லியல் எடம் போயிடும்னு 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அது ஏற்கனவே கண்டுபிடிச்சுப் பதிவுல ஏறின எடம் மட்டும் சார். ஏறாதது எங்கெங்க இருக்கும்னு நல்ல தண்ணி பக்கம், கொஞ்சம் மேடு, மண்ணு வகை இதெல்லாம் வச்சு ஊகிக்கவும் தனியா மாடல் இருக்கு. அந்த மேப்பைக் கையில வச்சுக்கிட்டு, கடலுக்கு முன்னாடி போய்த் தோண்டிப் பதிவு பண்ணிடணும், பல எடத்துக்கு அதுக்கு மேல வழியில்ல.