கரண்டி மூக்கா, சேறா?

கேள்வி: வேதாரண்யம் உப்பளத்தில் கொசு உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைக் கூட்டத்துக்கு நடுவே மூக்கு நுனி தட்டையாக ஒரு பறவை நின்றது. கரண்டிமூக்கு உள்ளான்தானே? மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். இதை எப்படிப் பதிவு செய்வது?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: ஆசையைக் கெடுக்கிறேன், மன்னியுங்கள். இரண்டாவது படத்தில் மூக்கு நுனி உருண்டையாகத்தான் தெரிகிறது, ஆனால் அதே பறவை மூன்றாவது படத்தில் தண்ணீரில் மூக்கை விட்டு எடுத்த பிறகு ஊசி மாதிரி நிற்கிறது, பாருங்கள். ஒட்டியிருந்தது சேறு. அது கொசு உள்ளான்தான். நானும் ஒரு தடவை இதே சேற்றை நம்பி நாலு பேருக்கு போன் போட்டவன், அதனால் சிரிக்கவில்லை.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் தப்பே இல்லை. ரஷ்யாவின் தூரக்கிழக்குக் கரையில் முட்டையிட்டு, குளிருக்குத் தெற்கே வரும் கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம். 1980களில் உங்கள் பக்கத்துக் கோடியக்கரையிலேயே பார்த்திருக்கிறார்கள். (கரண்டிவாயன் என்று எல்லோருக்கும் தெரிந்த பெரிய வெள்ளைப் பறவை வேறு, இது சிட்டுக்குருவி அளவுதான்.)

பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கரண்டி சரியாகத் தெரியாது என்பதுதான் பெரிய தொல்லை. நேராகவோ மேலிருந்தோ பார்க்கக் கிடைக்கிற வரை பொறுமையாக உட்கார வேண்டும். அதுவரை இரை தேடுகிற விதத்தைக் கவனியுங்கள். கொசு உள்ளான் தையல் மிஷின் மாதிரி படபடவென்று கொத்திக்கொண்டே ஓடும், கரண்டிமூக்கு தலையைக் குனிந்தபடி மூக்கை ஆழமில்லாத தண்ணீரில் இடமும் வலமும் துழாவிக்கொண்டு போகும். நெற்றியும் முகமும் கொஞ்சம் கூடுதல் வெளுப்பு, தலையும் பெரிசாகத் தோன்றும். கால் நிறத்தை நம்பாதீர்கள், இரண்டுக்கும் கறுப்புதான்.

பதிவு என்றால், முதலில் பறவைப் புத்தகத்தைத் திறக்காமல் பார்த்ததை அங்கேயே எழுதிவிடுங்கள். புத்தகப் படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் பார்க்காததெல்லாம் பார்த்த மாதிரி ஆகிவிடும். நேரம், எவ்வளவு தூரம், வெயில் முதுகுப் பக்கமா முகத்திலா, பக்கத்தில் நின்ற பறவையைவிடப் பெரிதா சிறிதா, இவ்வளவு போதும். காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய வளையமோ கலர் கொடியோ இருந்தால் எந்தக் கால், என்ன நிறம், எழுத்து என்ன என்று குறியுங்கள். அப்புறம் இபேர்டில் (eBird, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) ஏற்றும்போது வெட்டாத, திருத்தாத படங்களையும் சேர்த்து ஏற்றுங்கள், மங்கலான படமானாலும் சரி. அரிய பறவை என்றால் சரிபார்ப்பவர் உங்களிடம் விவரம் கேட்பார், அது உங்களை நம்பாததால் அல்ல, எல்லோரிடமும் கேட்பதுதான்.

கேள்வி: என்னிடம் கேமரா இல்லை, பைனாகுலர் மட்டும்தான். அப்போது என் பதிவை ஏற்பார்களா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: நல்ல குறிப்பு இருந்தால் படமில்லாமலும் ஏற்பதுண்டு, ஆனால் மிக அரிய பறவை என்றால் கஷ்டம். போனின் கேமராவை பைனாகுலரின் ஒரு கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து எடுத்துப் பாருங்கள், முதல் பத்துப் படம் வெறும் கறுப்பு வட்டமாகத்தான் வரும், கை பழகிவிடும். படத்துக்காகப் பறவையைத் துரத்த மட்டும் வேண்டாம். ஒவ்வொரு தடவை பறக்க விட்டாலும் அது மேய வேண்டிய நேரம் போகிறது.