'புட் ஆஃப்' என்றால் கூட்டம் ரத்தா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் 'புட் ஆஃப்' என்று குறுஞ்செய்தி வந்ததாம். இனிக் கூட்டமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, வேறொரு நாளில். அடியோடு ரத்து செய்வதற்குச் சொல் 'கால் ஆஃப்'. 'புட் ஆஃப்' என்பது தள்ளிப்போடுவது. நம் சொல்லையே பாருங்கள்: அதில் எதையும் கையால் தள்ளுவதுமில்லை, கீழே போடுவதுமில்லை, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கிறது.

பலர் சறுக்குவது 'இட்' வரும்போதுதான். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தவறு. 'மீட்டிங்' போன்ற பெயர்ச்சொல் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும்: 'புட் ஆஃப் கோயிங்'.

இன்னொரு பொருளும் உண்டு. சிங்கப்பூரின் கேலாங் பக்கம் போகும்போது டுரியான் பழத்தின் வாடை உங்களுக்குக் குமட்டினால், 'த ஸ்மெல் புட்ஸ் மீ ஆஃப்' எனலாம். எனக்கோ அந்த வாடைதான் பசியைக் கிளப்பும்.