குவாமில் மடிந்த ஃபிராங்க் விட்டெக்: கேள்வி பதில்

புதிய வாசகர்: யார் இந்த விட்டெக்?

போலந்து வம்சாவளி அமெரிக்கர். 1921 டிசம்பரில் கனெடிகட் மாநிலத்தின் டெர்பி நகரில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தவர். 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய அடுத்த மாதமே மரைன் படையில் (கடல்வழி வந்து கரையிறங்கிப் போரிடும் அமெரிக்கப் படை) சேர்ந்தார். பசிபிக் கடலின் பூகன்வில் தீவில் போரிட்டார். 1944 ஆகஸ்ட் 3 அன்று, 22 வயதில், அதே பசிபிக்கில் உள்ள குவாம் தீவின் ஃபினகாயனில் கொல்லப்பட்டார். அதிகாரி அல்லர், 9ஆவது மரைன் ரெஜிமெண்டின் சாதாரணச் சிப்பாய்.

வரலாற்று மாணவர்: ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்கக் கொடி ஏற்றியவர்களில் ஒருவர்தானே?

இல்லை. கொடி ஏறியது 1945 பிப்ரவரியில். அதற்கு ஆறு மாதம் முன்பே இவர் இறந்துவிட்டார்.

சேலத்து வாசகர்: ஆகஸ்ட் 3 அன்று என்ன நடந்தது?

இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜூலை 21 அன்று கரையிறங்கிய மரைன்கள் அப்போது தீவின் வடபகுதிக் காட்டுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தார்கள். மறைந்திருந்த ஜப்பானியர்கள் திடீரெனச் சுட, விட்டெக்கின் பிளாட்டூன் (சிறு படைப்பிரிவு) நின்றுபோனது. எல்லோரும் பதுங்க இடம் தேடியபோது இவர் நின்றபடியே, எதிரிகள் இருந்த பள்ளத்துக்குள் தானியங்கி ரைஃபிளின் ஒரு மேகசினைக் காலி செய்தார். 20 தோட்டா, சில நொடிகளில் தீர்ந்துவிடும். எட்டுப் பேர் விழுந்தார்கள். தோழர்களில் பெரும்பாலோர் மறைவிடம் சேர்ந்தார்கள்.

பிறகு பின்வாங்க உத்தரவு வந்தது. படுகாயமடைந்த ஒருவர் அங்கேயே கிடந்தார். விட்டெக் அவரை விட்டு நகரவில்லை. ஸ்ட்ரெச்சர் வரும்வரை எதிரியின் சூட்டுக்குப் பதில் சூடு கொடுத்தார். காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் சென்றபோதும் விட்டெக் எதிரிக்கு முதுகைக் காட்டவில்லை. சுட்டுக்கொண்டே பின்புறமாக நடந்தார். அந்த ரைஃபிள் ஏறக்குறைய 9 கிலோ. காலுக்குக் கீழே காட்டு மண், வேர், கொடி. இதைச் சொல்பவர்கள் குறைவு. எனக்கு அன்றைய நாளின் உச்சம் இதுதான்.

மீண்டும் ஓர் இயந்திரத் துப்பாக்கி பிளாட்டூனை முடக்கியது. யாரும் ஏவாமலே விட்டெக், உதவிக்கு வந்த டாங்கிகளையும் காலாட்களையும் முந்திக்கொண்டு, குண்டெறிவதும் சுடுவதுமாக 5 முதல் 10 கஜ தூரம்வரை நெருங்கினார். அந்த நிலையையும் மேலும் எட்டுப் பேரையும் அழித்தார். அதன் பிறகே ஒரு ரைஃபிள்காரனின் தோட்டா அவரை வீழ்த்தியது.

போர்க்கதை ரசிகர்: முப்பது பேருக்கு மேல் கொன்றார் என்று படித்தேனே?

இவருக்குக் கிடைத்த மெடல் ஆஃப் ஹானர் (அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ வீரப்பதக்கம்) சான்றுரையில் இருப்பது எட்டும் எட்டும். அதில் இல்லாததைச் சேர்க்காதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன். உண்மையே போதுமான அளவு பெரியது. அதற்கு மேல் ஜரிகை எதற்கு?

முன்னாள் ராணுவத்தினர்: டாங்கி வந்துவிட்டது. ஏன் காத்திருக்கவில்லை? வீரமா, அவசரமா?

நல்ல கேள்வி, ஐயா. அடர்காட்டில் டாங்கிக்குக் கண் மந்தம். எதிரி எங்கே என்று காட்டவும், பக்கவாட்டில் ஒட்டி வருபவனைத் தடுக்கவும் காலாள் வேண்டும். தரையோடு முடக்கப்பட்ட பிளாட்டூனுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர்ச்சேதம்.

அதே வாசகர்: ஒப்பவில்லை. பயிற்சியில் அவனை நான் திட்டியிருப்பேன்.

திட்டுங்கள். நானும் பயிற்சிக் களத்தில் திட்டுவேன். ஆனால் படுத்துக் கிடந்தவர்களிடம் ஓட்டெடுத்தால் உங்கள் பக்கம் எத்தனை கை உயரும்?

இன்னொருவர்: ராணுவத்தினர் சொல்வதே சரி. ஒழுங்குதான் படை.

அதற்கு முன் காயம்பட்டவரோடு காத்து நின்றவரும் இதே ஆள்தான். பொறுமை தெரியாதவர் என்று சொல்ல வழியில்லை. இத்துடன் இந்த வழக்கை ஒத்திவைக்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தேர்வு எழுதுபவர்: கொடி ஏற்றிய படத்தில் இவர் இடமிருந்து எத்தனையாவது?

மேலே படியுங்கள்.

ஐரோப்பா ஆர்வலர்: இத்தாலியின் மான்டே கசினோவில் போரிட்ட போலந்துப் படை பற்றி?

அது வேறு களம், வேறு படை. தனியாகக் கேளுங்கள்.

ஆசிரியை: பதக்கம் யார் கையில் போனது?

தாயார் நோரா விட்டெக் கையில். 1945 மே 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில், ஐம்பதாயிரம் பேர் பார்க்க, மரைன் படைத் தலைவர் ஜெனரல் வாண்டகிரிஃப்ட் மெடல் ஆஃப் ஹானரை வழங்கினார். மறு ஆண்டு பிப்ரவரியில் ‘விட்டெக்’ என்ற நாசகாரிக் கப்பலை நீரில் இறக்கியவரும் அவரே. அந்தக் கப்பல் பெரும்பாலும் புதிய கருவிகளைச் சோதிக்கவே பயன்பட்டது. 1969இல் இலக்காக வைத்து மூழ்கடித்தார்கள்.

பயணம் செல்பவர்: கல்லறை வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில்தானா?

இல்லை. முதலில் குவாமில் அடக்கம் செய்தார்கள். பிறகு இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்ட் தேசியக் கல்லறைக்கு மாற்றினார்கள். ஆர்லிங்டனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.