நீலகிரிப் புல்வெளியில் மரம் நடலாமா?

வணக்கம்.

நீலகிரிப் புல்வெளிகள் இருபதாயிரம் ஆண்டுகளாக இருப்பவை என்று எழுதியிருந்தீர்கள். மண்ணில் கிடைத்த மகரந்தத்தை ஆதாரமாகக் காட்டியிருந்தீர்கள். மகரந்தம் காற்றில் பறப்பதாயிற்றே, சமவெளியிலிருந்து வந்து விழுந்திருக்கலாமே? தோடர்கள் எருமை மேய்க்கக் காட்டை எரித்ததால்தான் புல்வெளி உண்டானது என்று படித்திருக்கிறேன். அடுத்த மழைக்கு நண்பர்கள் சேர்ந்து அங்கே விதைப்பந்து வீசலாம் என்றிருக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

வீசுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி.

மகரந்தத்தின் வெளிச்சுவர் ஸ்போரோபோலெனின் என்ற பொருளால் ஆனது. மணலைக் கரைக்கும் ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் போட்டாலும் அது கரையாது. ஆய்வகத்தில் மண்ணிலிருந்து மகரந்தத்தைப் பிரிப்பதே இப்படித்தான். ஆனால் காற்றுப் படும் மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் சதுப்புகளைத் தேடிப் போகிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா அப்படி ஓர் இடம். நீர் தேங்கி, செடிகொடிகள் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கறுப்பு மண். ஒவ்வோர் அடுக்கின் வயதையும் ரேடியோகார்பன் (செடி மடிந்தபின் மெல்லச் சிதைந்து குறையும் ஒருவகைக் கார்பன்) சொல்லிவிடும். அதிலிருக்கும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து இனம் பிரித்து, நூற்றுக்கணக்கில் எண்ணுவார்கள். எந்த இனம் எத்தனை சதவீதம் என்று ஆழவாரியாக வரைபடம் போடும் முறையை 1916-ல் ஸ்வீடன்காரர் லென்னார்ட் ஃபான் போஸ்ட் தொடங்கிவைத்தார்.

உங்கள் சந்தேகம் சரியானதுதான். சமவெளி மகரந்தமும் மேலே வரும். ஆனால் ஒரு சிறு சதுப்பில் விழுவதில் பெரும்பகுதி அக்கம்பக்கத்துச் செடிகளுடையது. எனக்கு இதைவிடப் பெரிய சிக்கலாகத் தெரிவது வேறு. புல் காற்றை நம்பி மகரந்தத்தை அள்ளி இறைக்கும். சோலை, அதாவது புல்வெளிகளுக்கு நடுவே மலைமடிப்புகளில் இருக்கும் காடு. அதன் மரங்களில் பல பூச்சிகளை நம்புபவை, கொஞ்சமாகத்தான் உதிர்க்கும். ஆக, எழுபது சதவீதம் புல் மகரந்தம் என்றால் எழுபது சதவீத நிலம் புல் என்று அர்த்தமில்லை. இதற்காகவே இன்றைய சோலைக்குள்ளும் புல்வெளியிலும் மேல்மண்ணை எடுத்து எண்ணி, பழைய கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். அப்புறம், புல் மகரந்தங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வறட்சி தாங்கும் புல்லா, ஈரம் விரும்பும் புல்லா என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் கைகொடுத்தது கார்பன் ஐசோடோப், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் வகைகள். மரங்களும் குளிர்ந்த ஈரமான இடத்துப் புற்களும் சி3 வகை, வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் சி4 வகை. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தை வைத்துப் பிரித்த வகைகள் இவை. இரண்டிலும் கார்பன்-13 என்ற கனமான கார்பன் இருக்கும் விகிதம் வேறு. 1993-ல் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணில் இதை அளந்து வெளியிட்டார்கள். சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், சி4 புல் ஓங்கியிருந்தது. பருவமழை பலவீனமாக இருந்த காலம் அது. காற்றில் கரியமில வாயு குறைவாக இருந்ததும் அந்தப் புல்லுக்குச் சாதகம். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தபோது சி3 தாவரங்கள் பெருகின. பிறகு மறுபடி வறட்சி வந்தபோது புல் திரும்பியது.

தோடர்கள் எப்போது மலைக்கு வந்தார்கள் என்பதற்கு யார் எந்தக் கணக்குச் சொன்னாலும் அது பனியுகம் வரை போகாது. மேய்ச்சலும் தீயும் சோலையின் ஓரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புல்வெளியை உண்டாக்கியவர்கள் அவர்கள் என்பது அபாண்டம். அந்த மக்கள் மேல் சுமத்திய அந்தப் பழியை இன்னும் நாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. அங்கே திறந்தவெளியில் மரம் எளிதில் வராததற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம். சோலை மரக் கன்றுகள் அதில் கருகிவிடும்.

அந்த உறைபனியைத் தாங்கியவை வெளியிலிருந்து வந்த சீகை (ஆங்கிலத்தில் வாட்டில்), யூகலிப்டஸ் மரங்கள். புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து 19ஆம் நூற்றாண்டிலிருந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. இன்று சீகை தானாகவே பரவுகிறது, எஞ்சிய புல்வெளி கொஞ்சம்தான்.

ஆகவே, தயவுசெய்து அங்கே விதைப்பந்து வேண்டாம், நாட்டு மர விதையாக இருந்தாலும் சரி. உங்கள் குழுவுக்கு உழைக்க மனமிருந்தால், வனத்துறை அனுமதியோடு சீகைக் கன்றுகளைப் பிடுங்கும் வேலைக்குப் போங்கள். வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வருஷா வருஷம் போக வேண்டியிருக்கும்.