மோட்டார்ஹோமின் பின் ஜோடி டயர்களுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளி போதுமா?

ஆறு சக்கர லோரியை மோட்டார்ஹோமாக மாற்றி, பழைய ரிம்மிலேயே 205 மில்லிமீட்டர் அகல டயருக்குப் பதில் 225 போட்டிருக்கிறீர்கள், நடுவில் ஒரு விரல் நுழைகிறது, போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. இந்த விரல் கணக்கை நம்பித் தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறிவிடாதீர்கள்.

நான் பீடோரில் பல வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவன். நானும் இதையேதான் செய்தேன். கடையில் வண்டி ஜாக்கியில் நின்றபோது இரண்டு டயருக்கும் நடுவில் வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது. குலை ஏற்றி ஆலைக்குப் போகும்போது ரப்பர் கருகும் வாடை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். தரையைத் தொடும் இடத்தில் இரண்டு டயரும் உரசி, பக்கச்சுவர் தேய்ந்து உள்நூல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும்.

பாரம் ஏறினால் டயர் அடிப்பக்கத்தில் பிதுங்கும். அதனால் மேலே விரல் விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. குலை லோரியாவது திரும்பும்போது காலியாக வரும், டயருக்குக் கொஞ்சம் ஓய்வு. உங்கள் வண்டியில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எப்போதும் உட்கார்ந்திருக்கும். 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ! எல்லாம் ஏற்றி, காற்றைச் சரியாக அடித்து, சமதரையில் நிறுத்தி, டயரின் அடிப்பக்கம் பாருங்கள்.

அப்புறம், டயர் கம்பெனிகள் ஒவ்வொரு அளவுக்கும் ஜோடியாகப் போடும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியைத் தங்கள் அட்டவணையில் கொடுத்திருக்கும். அது சுவருக்கும் சுவருக்கும் உள்ள சந்து இல்லை, ஒரு டயரின் நடுக்கோட்டிலிருந்து மற்றதன் நடுக்கோடு வரை உள்ள தூரம். வெளி டயரின் வெளி ஓரத்திலிருந்து உள் டயரின் அதே பக்க ஓரம் (வெளி டயரைப் பார்த்திருக்கும் ஓரம்) வரை அளந்தாலும் அதே எண் கிடைக்கும். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது ரிம். ரிம்மை மாற்றாமல் 205-இலிருந்து 225-க்குப் போனதால் நடுச்சந்து சுமார் 20 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது.

அளவு பற்றாவிட்டால் 205-க்கே திரும்புங்கள், இல்லையென்றால் நடுத்தூரம் அதிகமுள்ள ரிம் வாங்குங்கள். ரிம்களுக்கு நடுவில் தட்டு செருகலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். போல்ட்டில் நட்டு பிடிக்கும் மரை குறைந்துவிடும், சக்கரமே கழன்றுவிடலாம்.

இன்னொன்று, உள் டயரின் காற்று. எட்டாத இடம் என்று பலர் பார்ப்பதில்லை. அதில் காற்று இறங்கினால் அதுவும் பிதுங்கி உரசும், வெளி டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமக்கும். புறப்படும் முன் டயர் சூடாகாதபோதே அளந்துவிடுங்கள். தோட்டத்து மண்சடக்கில் போய் வந்தால் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

டயர் சுவரில் உள்ள முழு அளவையும் ரிம்மில் பொறித்திருக்கும் எண்களையும் படம் எடுத்துப் போடுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.