ஹைப்ரிட் காரில் பிக்கப் கூட்ட முடியுமா?

கேள்வி: கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். மைலேஜில் முழுத் திருப்தி. ஆனால் பைபாஸில் லாரியைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் பிக்கப் இருந்தால் தேவலை. பெரிய ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (புகை தடையில்லாமல் வெளியேறும் குழாய்), அதோடு ஒரு ரீமேப் (இன்ஜினை இயக்கும் கணினி நிரலை மாற்றுவது). மூன்றும் செய்தால் வண்டி பறக்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது டர்போ டீசல் காருக்குச் சரி. பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் உங்கள் வண்டியின் கணக்கே வேறு.

இன்ஜின் 92 பி.எஸ். (குதிரைத்திறன்), மோட்டார் 80 பி.எஸ். கூட்டினால் 172 வர வேண்டும், ஆனால் கம்பெனி சொல்வது 116 தான். காரணம், மோட்டார் முழுத் திறனில் ஓடும் அளவுக்கு மின்சாரத்தை அந்தச் சின்ன பேட்டரியால் ஒரே நேரத்தில் தர முடியாது. பேட்டரியின் பங்கு ஏறக்குறைய 24 பி.எஸ்., மீதியெல்லாம் இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும், அதிலும் ஒரு பகுதி ஜெனரேட்டர் வழியாக மின்சாரமாகி மோட்டாருக்குப் போகிறது.

சரி, இன்ஜினையே பலமாக்கினால் என்ன? அந்த 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் அட்கின்சன் முறையில் ஓடுவது. உள்ளே இழுத்த காற்றில் கொஞ்சத்தை வால்வைத் தாமதமாக மூடி வெளியே தள்ளிவிடும், மைலேஜுக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அப்படிப்பட்ட இன்ஜினுக்குப் பெரிய ஃபில்டர் மாட்டி என்ன பயன்? எக்ஸாஸ்ட் மாற்றினால் சத்தம் கூடும், அவ்வளவுதான். ரீமேப் இன்னும் சிக்கல். உங்கள் காரில் வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது. இன்ஜினும் இரண்டு மோட்டார்களும் (ஒன்று சக்கரத்தை ஓட்டுவது, இன்னொன்று ஜெனரேட்டர்) ஒரு பல்சக்கரத் தொகுதியில் இணைந்திருக்கின்றன. இன்ஜின் கூடுதலாக முறுக்கினால் அதைத் தாங்கிப் பிடிக்க ஜெனரேட்டரும் அதற்கேற்ற அளவுக்கு எதிர்த்து நிற்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதையும் கணினிதான் கண்காணிக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் கணக்கு உதைக்கும், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. இது போக, ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி இருக்கிறது. அதை ஒரு எக்ஸாஸ்ட் குழாய்க்காகப் பணயம் வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

முதலில் பவர் மோடில் (மிதித்ததும் வண்டி சட்டென்று பாயும்படி காரிலேயே இருக்கும் அமைப்பு) போட்டு ஓட்டிப் பாருங்கள். லாரியைத் தாண்டும்போது, வெளியே வந்த பிறகு மிதிக்காமல், எதிரே ரோடு காலி என்று உறுதியானதும் லாரிக்குப் பின்னால் இடைவெளி இருக்கும்போதே மிதிக்க ஆரம்பியுங்கள். இன்ஜின் சுற்று ஏற ஒரு நொடி எடுக்கும், அந்த நொடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்ஜின் ஒரே சுருதியில் கத்துவதைக் கேட்டு பயந்து காலை எடுக்காதீர்கள், இந்த வகை வண்டி அப்படித்தான் கத்தும். அப்புறம் டயர். கம்பெனி கொடுத்தது 215/60 ஆர்17. அழகுக்காக இதைவிடப் பெரிய, கனமான அலாய் வீல் போட்டவர்கள் இருக்கும் பிக்கப்பையும் குறைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரில் மாட்டுகிற சின்ன பெட்டி விற்கிறார்களே, அதுவாவது உதவுமா? (வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் கணினியிடம் சொல்லும், அதுதான் அதன் வேலை. முழுசாக மிதித்தால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பவர் மோடு கிட்டத்தட்ட இதே வேலையைச் செலவில்லாமல் செய்கிறது. டவுனில் மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டி குதிக்கும் என்பதால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பாதி வழியில் வண்டி சோர்ந்துவிடுகிறது. கூடுதலாக ஒரு பேட்டரி சேர்க்கலாமா? என்னுடையதும் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான். (வாசகர், ஈரோடு)

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். ஐந்து பேர் உட்கார்ந்த வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே ஆறு யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். உங்கள் பேட்டரியில் இருப்பது முக்கால் யூனிட், அதிலும் ஆயுளைக் காப்பாற்றுவதற்காகக் கணினி ஒரு பகுதியைத் தொடவே விடாது. பேட்டரியை மட்டும் நம்பினால் 100 மீட்டர் உயரம்கூட ஏறாது, அப்புறம் இன்ஜின் ஒன்றுதான். பழுது எதுவும் இல்லை.

கூடுதல் பேட்டரி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். ஹைப்ரிட் பேட்டரியிலிருந்து வரும் ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது 177 வோல்ட்டுக்கும் மேலான டி.சி. மின்சாரம், ஆளைக் கொன்றுவிடும். அதற்கான பயிற்சி இல்லாத மெக்கானிக்கைத் தொடவே விடாதீர்கள். பேட்டரிக்குக் காற்று போகும் துளை எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பார்த்து, அதன்மேல் பையோ துணியோ அடைக்காமல் பாருங்கள். சூடேறினால் பேட்டரி இன்னும் குறைவாகத்தான் கொடுக்கும். மேலே கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஏறும்போது சீரான வேகத்தில் போங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். இறங்கும்போது பேட்டரி சீக்கிரம் நிறைந்துவிடும், அதற்குமேல் மின்சாரம் ஏற்றி வேகத்தைப் பிடிக்க முடியாது. அதனால் குன்னூரில் கிளம்பும்போதே லீவரை ‘B’ நிலையில் (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல) போட்டுவிடுங்கள், இன்ஜின் பிடித்து இழுக்கும், பிரேக் சூடாகாது.