1985 போர்ஷே 911: ஈர வளைவில் பின்பக்கம் வழுக்குவதற்கு டிராக்‌ஷன் கண்ட்ரோல் தீர்வாகுமா?

வணக்கம். ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் உங்கள் 1985 போர்ஷே 911-இன் பின்பக்கம் வழுக்கியதாகவும், அதனால் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கும் பொருத்த எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல் இதற்கு உதவாது. சக்கரம் அதிக விசையால் வீணாகச் சுழலும்போது அந்த விசையைக் குறைப்பதே அதன் வேலை. உங்களுக்கோ விசையைத் திடீரென நிறுத்தியதால்தான் வழுக்கியது. காலை எடுத்த நொடியில் எடை முன்பக்கம் மாறிப் பின் டயர்களின் பிடி குறைகிறது. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், கனமான வால்பகுதி வெளிப்புறமாக வீசப்படுகிறது. சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து இதைத் திருத்தும் இஎஸ்பி 1995-இல்தான் விற்பனைக் கார்களில் வந்தது. அதைப் பழைய காரில் சேர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் பிடிக்காது. பிறகு பின்சக்கர அலைன்மென்ட்டை, குறிப்பாக டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), சரிபாருங்கள். ஸ்டீயரிங்கைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்: முன் டயர்கள் பிடி இழக்கத் தொடங்கும்போது அது கையில் இலேசாவதே அந்தக் கார் உங்களுக்குத் தரும் மிகச் சிறந்த எச்சரிக்கை, காரை நிறுத்தும்போது திருப்பச் சற்றுக் கடினமாக இருக்கிறது என்பதற்காக அதை இழக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரைச் சீராக மிதித்திருங்கள்.